இலைக்குள் ஒரு பகல் – 6: சுடாமல் கைமாறும் வெயில்

ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை அரைத்து, மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலந்து, அடுப்புக்குத் தள்ளி அரை மணி நேரம் வையுங்கள். தெளிந்து மேலே நிற்கும் பச்சைச் சாற்றைக் கண்ணாடி டம்ளரில் வடித்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு, கடைக்காரர்கள் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கை அதன்மேல் அடியுங்கள். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். அதே விளக்கை அரைக்காத முருங்கை இலைமேல் அடித்தால் அந்தச் சிவப்பு கண்ணுக்குப் படுவதே கடினம். இரண்டிலும் இருப்பது ஒரே பச்சையம்தான்.

ஒளித்துகள் ஒன்று பச்சைய மூலக்கூறில் மோதியதும் அதிலுள்ள ஓர் எலெக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது என்று போன வாரம் பார்த்தோம். அங்கே அதனால் நெடுநேரம் நிற்க முடியாது. ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஐந்தாறு பங்கு, அவ்வளவுதான் அவகாசம். அதற்குள் அந்த ஆற்றலை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிட்டில் கரைந்த பச்சையத்துக்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. எலெக்ட்ரான் பழைய இடத்துக்கே விழுகிறது. விழும்போது ஆற்றலில் ஒரு பங்கைச் சிவப்பு ஒளியாகக் கக்கிவிடுகிறது. இலைக்குள் ஆள் இருக்கிறது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு சூரியன், ஓர் அம்புக்குறி, ஓர் இலை, அதிலிருந்து வெளியே வரும் குளுக்கோஸ் என்று படம் போடுவார்கள். எனக்கு அந்த அம்புக்குறியோடுதான் சண்டை. வெயிலைப் பிடிப்பது பெரிய காரியம் இல்லை. கறுப்புச் சட்டை போட்டவரெல்லாம் பிடிக்கிறார்கள். பிடித்ததைச் சுட்டுக்கொள்ளாமல் அடுத்த கைக்குத் தருவதுதான் வித்தை. ஒளிச்சேர்க்கையின் முதல் பாதி முழுக்க அந்த வித்தைதான்.

1932-இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் எமர்சனும் வில்லியம் அர்னால்டும் குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பாசியின்மேல் பளிச் பளிச்சென்று மின்னல் வெட்டாய் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளந்தார்கள். ஒவ்வொரு பச்சைய மூலக்கூறும் தன் வேலையைத் தானே செய்யும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். கணக்கு வேறு மாதிரி வந்தது. சுமார் 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுதான் வெளிவந்தது. அதன் பொருள் விளங்கச் சில ஆண்டுகள் பிடித்தன. பச்சையத்தில் பெரும்பாலானவை வெயிலை வாங்கிப் பக்கத்தில் தள்ளிவிடுபவை மட்டுமே. ஆற்றல் மூலக்கூறுக்கு மூலக்கூறு தாவி, வினைமையம் என்ற ஓரிடத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் சிறப்புப் பச்சையம்தான் உண்மையில் எலெக்ட்ரானைக் கைவிடுகிறது. ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்தில் அந்த எலெக்ட்ரான் பக்கத்து மூலக்கூறுக்குப் போய்விடுகிறது. திரும்பி விழ வழியில்லாதபடி அங்கிருந்து இன்னும் தள்ளிப் போகிறது. வெயில் வேதியியலாக மாறும் இடம் இதுதான். இதற்குப் பின் நடப்பதெல்லாம் எலெக்ட்ரானின் பயணம்.

எலெக்ட்ரானை இழந்த அந்தப் பச்சையம் சும்மா இருக்காது. இழந்ததை எங்கிருந்தாவது பறித்தாக வேண்டும். உயிருலகில் எலெக்ட்ரானுக்காக இவ்வளவு வெறியோடு இருக்கும் மூலக்கூறு வேறொன்றை வேதியியலாளர்கள் பார்த்ததில்லை. அது பறிப்பது தண்ணீரிடமிருந்து. தண்ணீர் லேசில் உடையும் பொருளா என்ன? நாம் மின்சாரம் பாய்ச்சித்தான் அதை உடைக்கிறோம். இலை அதை வேப்பமர நிழலில், சாதாரண வெப்பத்தில் செய்கிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வர வேண்டுமென்றால் நான்கு எலெக்ட்ரான்களை எடுக்க வேண்டும். ஒளியோ ஒரு தடவைக்கு ஓர் எலெக்ட்ரானைத்தான் நகர்த்துகிறது. பாதியில் விட்டால் நடுவில் உருவாகும் பொருள்கள் செல்லையே அரித்துவிடும். இலை இதை எப்படிச் சமாளிக்கிறது?

1969-இல் பாரிஸில் பியர் ஜோலியோவின் குழு, இருட்டில் வைத்திருந்த பசுங்கணிகங்களுக்கு ஒவ்வொரு பளிச்சாக ஒளியைக் கொடுத்து ஆக்சிஜனை எண்ணியது. முதல் பளிச்சுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதற்குப் பெயரளவுக்கு ஏதோ. மூன்றாவதில் கொட்டியது. பிறகு ஏழாவதில், பதினொன்றாவதில் என்று நான்குக்கு ஒருமுறை உச்சம். நான்கு புரிகிறது, முதல் உச்சம் ஏன் மூன்றில்? அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வேலைபார்த்த டச்சுக்காரரான பெஸ்ஸல் கோக் விடை சொன்னார். நம் ஊர் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஏறினால்தான் வண்டி கிளம்பும். இருட்டில் வண்டி காலியாக நிற்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதனால் முதல் ஓட்டத்துக்கு மூன்று பேர் போதும்; பிறகு எப்போதும் நான்கு.

அந்த வண்டி எது என்பதும் இப்போது தெரியும். நான்கு மாங்கனீஸ் அணுக்கள், ஒரு கால்சியம், அவற்றைப் பிணைக்கும் ஐந்து ஆக்சிஜன். 2011-இல் ஜப்பானில் ஜியான்-ரென் ஷென், நோபுவோ கமியா குழுவினர் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு நீலப்பச்சைப் பாசியிலிருந்து இந்தப் புரதத்தைப் படிகமாக்கி, அணு அணுவாகப் படம்பிடித்தார்கள். கோணல்மாணலான நாற்காலி மாதிரி இருக்கிறது என்று அவர்களே எழுதினார்கள். அந்தப் பாசியிலும் நம் வயல் நெல்லிலும் அது ஒரே மாதிரிதான். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட முழுவதும் இந்தக் கோணல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தது. மாங்கனீஸ் பற்றாக்குறையில் இளம் இலைகள் நரம்புகளுக்கு நடுவே வெளிறிப்போவதை உழவர்கள் பார்த்திருப்பார்கள். காரணம் இங்கேயும் இருக்கிறது.

தண்ணீரிடமிருந்து வாங்கிய எலெக்ட்ரான் இனி கை கையாக மாறிப் போகிறது. முதலில் பிளாஸ்டோகுவினோன் என்ற சிறிய எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறு, பிறகு ஒரு சைட்டோகுரோம், பிறகு செம்பு அடங்கிய ஒரு புரதம். வழியில் எலெக்ட்ரான் சோர்ந்துபோவதால் இரண்டாவது வினைமையத்தில் இன்னொரு ஒளித்துகள் அதை மறுபடி தூக்கிவிட வேண்டும். அங்கிருந்து இரும்பு அடங்கிய ஃபெரிடாக்சின் வழியாகப் போய், என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறில் அடைக்கலமாகிறது. இப்படி இரண்டு படி என்று 1960-இல் ராபர்ட் ஹில்லும் ஃபே பெண்டாலும் வரைந்த படத்தைத்தான் இன்றும் கல்லூரிகளில் போடுகிறார்கள். இரண்டு ஒளித்தொகுதிகள் உண்டு என்பதற்கு முதல் தடயங்களைக் கொடுத்தவர் அதே எமர்சன். முடிவைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1959-இல் விமான விபத்தில் இறந்துபோனார். அலகாபாத்திலிருந்து அவரிடம் ஆராய்ச்சிக்குப் போயிருந்த கோவிந்த்ஜி அந்த வேலையைத் தொடர்ந்தார். ஒளிச்சேர்க்கை ஆராய்ச்சியின் வரலாற்றையே பிற்பாடு தொகுத்தவரும் அவர்தான்.

இந்தக் கைமாற்று எவ்வளவு ஆபத்தான வேலை என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பவை களைக்கொல்லி நிறுவனங்கள். மக்காச்சோளம் விதைத்ததும் தெளிக்கும் அட்ரசினை எடுத்துக்கொள்ளுங்கள். அது முளைக்கும் களையின் இலைக்குப் போய், பிளாஸ்டோகுவினோன் வந்து உட்கார வேண்டிய குழியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. எலெக்ட்ரானை வாங்க ஆள் வராது. ஆனால் வெயில் நிற்காதே! பச்சையம் வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கிறது, தள்ளிவிட வழியில்லை. ஸ்பிரிட்டில் கரைந்த பச்சையத்தின் கதிதான், ஆனால் இங்கே சுற்றிலும் ஆக்சிஜன் இருக்கிறது. தேங்கிய ஆற்றல் அதில் ஏறி, அது சவ்வையும் புரதத்தையும் எரிக்கிறது. களை பட்டினியால் சாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். பட்டினி மெதுவாகக் கொல்லும். இது வெயில் கொன்ற சாவு. மக்காச்சோளம் மட்டும் தப்பிக்கக் காரணம், அதனிடம் அட்ரசினை குளுட்டாதயோனோடு கட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதி இருப்பது. உளுந்துக்கோ தட்டைப்பயறுக்கோ அந்த வலு இல்லை. அதனால்தான் பயறை ஊடுபயிராக விதைத்தவர்கள் அட்ரசின் பக்கம் போவதில்லை.

களைகளும் சும்மா இருக்கவில்லை. 1970-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றங்காலில் இந்த வகை மருந்துகளுக்கு அசராத களைச்செடி ஒன்று இருப்பது பதிவானது. குழியை ஆக்கும் டி1 என்ற புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, 264-ஆவது இடத்தில் செரினுக்குப் பதில் கிளைசின். மருந்து ஒட்டவில்லை. ஆனால் பிளாஸ்டோகுவினோனும் முன்போல் சரியாக ஒட்டவில்லை. மருந்து இல்லாத நிலத்தில் அந்தச் செடி மற்றவற்றோடு போட்டியிட முடியாமல் பின்தங்கியது.

பாராகுவாட் இன்னும் குரூரம். அது இரண்டாவது வினைமையத்தின் வாயிலில் நின்று எலெக்ட்ரானைப் பிடுங்கி, நேரே ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. தான் அழிவதில்லை, மறுபடி வந்து பிடுங்குகிறது. கொளுத்தும் வெயிலில் அடித்தால் சில மணி நேரத்திலேயே களை சுருண்டுவிடுவதும், மூடாக்குப் போட்ட நாளில் தாமதமாவதும் இதனால்தான். மனித நுரையீரலில் ஒளி கிடையாது. ஆனால் எலெக்ட்ரானும் ஆக்சிஜனும் உண்டு, பாராகுவாட்டுக்கு அவை போதும். அதற்கு மாற்றுமருந்து இன்றுவரை இல்லை. இதைக் கையாளும் உழவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடவே கூடாது.

எலெக்ட்ரான் போகும் வழியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. தைலக்காய்டு என்ற பைகளுக்குள் புரோட்டான்கள் குவிகின்றன. குவிந்தவை வெளியே வரத் துடிக்கும். அந்த அழுத்தமே ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்கிறது என்று 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் நம்பவில்லை. சோதித்துக் காட்டியவர் ஆண்ட்ரே யாகெண்டார்ஃப். 1966-இல் அவரும் எர்னஸ்ட் உரிபேயும் பசலைக்கீரை வகையிலிருந்து பிரித்த தைலக்காய்டுகளை இருட்டில் பிஹெச் 4 அமிலத்தில் ஊறவைத்து, சட்டென்று பிஹெச் 8 காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். ஒளியின் ஒரு துளிகூட இல்லாமல் ஏடிபி உருவானது. ஒளிச்சேர்க்கை வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான். வெயில் என்ன செய்கிறது என்பதை வெயிலே இல்லாமல் நிரூபித்தது. மிட்செலுக்கு 1978-இல் நோபல் கிடைத்தது. ஏடிபியைச் செய்யும் புரதம் நிஜமாகவே சுழலும் இயந்திரம். பசலையில் 14 புரோட்டான்கள் கடந்தால் அது ஒரு சுற்றுச் சுற்றி மூன்று ஏடிபி தருகிறது.

உச்சி வெயிலில் பெரும்பாலான இலைகளுக்குத் தேவைக்கு மேல் ஒளி கிடைக்கிறது. நெல் இலை ஒன்று முழு வெயிலில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. மிச்சத்தை என்ன செய்வது? பையில் புரோட்டான் மிகுந்ததும் ஒரு மஞ்சள் நிறமி சில நிமிடங்களில் ஸியாஸாந்தினாக உருமாறி, உபரி ஆற்றல் வெப்பமாக வெளியேற வழிவிடுகிறது. அப்படியும் டி1 புரதம் அடிபடுகிறது. கடும் வெயிலில் கிட்டத்தட்ட அரை மணிக்கு ஒருமுறை அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்து மாட்டுகிறது இலை.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. மேகம் வந்து நிழல் விழுந்த பிறகும் வெப்பமாகக் கொட்டும் வழி உடனே மூடாது. பல நிமிடங்களுக்கு நல்ல ஒளி வீணாகிறது. ஸ்டீஃபன் லாங், கிருஷ்ணா நியோகி குழுவினர் மூன்று மரபணுக்களைக் கூட்டி அந்த வழியைச் சீக்கிரம் மூடச் செய்தார்கள். 2016-இல் இலினாய் வயலில் புகையிலைச் செடிகள் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வளர்ந்தன. 2022-இல் வெளியான சோயா சோதனையில் ஒரு பருவத்தில் 20 சதவீதத்துக்கு மேல் மகசூல் கூடியது. அடுத்த பருவத்தில் அது உறுதிப்படவில்லை. ஆகவே பத்திரிகைத் தலைப்புகளை நம்பி விதை தேட வேண்டாம். விதைக்கடைக்கு அது வர நாளாகும்.

இத்தனை பாடுபட்டுச் செய்த ஏடிபியையும் என்ஏடிபிஹெச்சையும் இலையால் சேர்த்துவைக்க முடியாது. வெயில் நின்றால் கையிருப்பு சில நொடிகளுக்குக்கூடத் தாங்காது. அதனால்தான் கையோடு அவற்றைச் சர்க்கரையாக மாற்றிவிட வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் ரூபிஸ்கோ என்ற நொதி நொடிக்கு மூன்று மூலக்கூறு என்ற ஆமை வேகத்தில், அடிக்கடி ஆளைத் தவறாக அடையாளம் கண்டு தடுமாறுகிறது. அதை அடுத்த வாரம் விசாரிப்போம்.