தேனீக் கூட்டின் ஆயாக்கொட்டகை

ராயல் ஜெல்லி என்று சின்னப் புட்டியில் விற்கிறார்களே, அது என்ன சரக்கு? தேன் என்று நினைக்கிறவர்கள் நம்மில் பலர். தேன் அல்ல. தேனீக்கள் தங்கள் கூட்டுப் புழுக்களுக்கு ஊட்டுகிற பால் அது.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை இருந்ததல்லவா? தேன்கூட்டிலும் அப்படித்தான். அறையைவிட்டு வெளிவந்து சுமார் 5 நாள் முதல் 15 நாள் வயதான வேலைக்காரத் தேனீக்கள்தான் அங்கே ஆயாக்கள். பூத் தேடிப் போகிற வயது அவற்றுக்கு இன்னும் வரவில்லை. மூத்த தேனீக்கள் தென்னம்பாளையிலும் காட்டுப் பூவிலும் மகரந்தத்தைத் திரட்டிக் காலில் ஒட்டிக்கொண்டு வரும். தேன் சேர்த்து அறையில் அமுக்கி வைத்தால் அது லேசாகப் புளிக்கும். ஆயாத் தேனீ அதைத்தான் வயிறு முட்டச் சாப்பிடும். தேனில் இருப்பது இனிப்பு. உடம்பை வளர்க்கும் புரதம் மகரந்தத்தில்தான். அது ஜீரணமாகி, தலைக்குள் திராட்சைக் குலை மாதிரி இருக்கும் சுரப்பிகளில் பாலாக ஊறுகிறது. தாடைச் சுரப்பியின் கொழுப்பும் சேர்ந்து, வெள்ளைக் கூழாக, புளிப்பாக வாய் வழியே வரும். தாய் நல்லா சாப்பிட்டாத்தானே பிள்ளைக்குப் பால்? மகரந்தம் குறைந்தால் ஆயாவின் சுரப்பி சுருங்கிவிடும், கூட்டில் புழு வளர்ப்பும் குறைந்துவிடும்.

முட்டை 3 நாளில் பொரிந்ததும் எல்லாப் புழுவுக்கும் இந்தப் பால்தான். இன்னும் 3 நாள் போனால் வேலைக்காரப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்து கொடுக்கும். ராணியாகப் போகிற புழுவுக்கு மட்டும் கடைசி வரை பால், அதுவும் மிதக்க மிதக்க. முட்டை ஒரே வகைதான், ஊட்டுவதில் வித்தியாசம். வேலைக்காரி உழைக்கிற பருவத்தில் சுமார் ஆறு வாரம் வாழும், ராணி சில வருடம் வாழும்.

இதைப் பிடித்துக்கொண்டுதான் வியாபாரிகள் கதை கட்டுகிறார்கள். ராணிப் புழுவுக்கு நடப்பது மனிதனுக்கும் நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் கூழில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்ணீர். ஒரு கோழி முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. புட்டிக்குக் கொடுக்கிற வெள்ளிக்கு எத்தனை முட்டை, நெத்திலி, பருப்பு வாங்கலாம், நீங்களே கணக்குப் போடுங்கள்.

காசு போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் ஆஸ்துமா இருந்த 11 வயதுச் சிறுமி ராயல் ஜெல்லி சாப்பிட்டு மூச்சு முட்டி இறந்தது 1994-இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. இதிலுள்ள புரதமே சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே இழுப்பு, அலர்ஜி உள்ளவர்களும் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரும் இதைத் தொடவே வேண்டாம். யாராவது சாப்பிட்டு உதடு வீங்கினாலோ, உடம்பு தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கைமருந்து பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். புட்டியையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.