சோற்றுக்குள் சத்து – 6: பெரியம்மா பொறுக்கி எறிந்த அரிசி

செந்துறைக்குப் பக்கத்தில் பெரியம்மா வீடு. போன மாதம் போயிருந்தபோது திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசியில் எதையோ பொறுக்கிக் கோழிக்கு வீசிக்கொண்டிருந்தார். கல்லா என்று கேட்டேன்.

"கல்லு இல்லடா தம்பி, பிளாஸ்டிக் அரிசி. தண்ணியில போட்டா மெதக்குது பாரு."

கையில் வாங்கிப் பார்த்தேன். மற்ற அரிசியைவிடச் சற்றே மங்கலாக இருந்தது. அது பிளாஸ்டிக் இல்லை, சத்து சேர்த்துச் செறிவூட்டிய அரிசி. நொய்யை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல இயந்திரத்தில் பிழிந்து, அரிசியின் அளவுக்கு நறுக்கிக் காயவைத்தது. நூறு கிலோ அரிசிக்கு இதில் ஒரு கிலோ கலந்திருக்கிறார்கள். அந்த ஒரு பங்கைத்தான் பெரியம்மா கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

தமிழ்நாட்டில் இதை 2020-ல் முதலில் கொடுத்துப் பார்த்தது திருச்சி மாவட்டத்தில். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவிக்க, 2024-க்குள் நாடெங்கும் ரேஷன் கடைகளுக்கு வந்துவிட்டது. அரிசி வந்தது. இது இன்னது என்று பெரியம்மாவின் தெருவில் உட்கார்ந்து சொல்ல மட்டும் ஒருவரும் வரவில்லை. என் ஆதங்கம் அதுதான்.

ஏனென்றால் பெரியம்மாவுக்கு அந்த பி12 வேண்டும். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறார். பாதம் மதமதவென்று இருக்கிறதாம். "செருப்பு கழண்டு விழுந்தாகூடத் தெரியலடா." சர்க்கரையாலும் இப்படி ஆகலாம், பி12 குறைந்தாலும் ஆகலாம். மெட்ஃபார்மின் நாள்பட்டால் பி12-ஐக் குறைக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்ததே.

பால், முட்டை, மீன், கறியில் உள்ள பி12 புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. வயிற்று அமிலம்தான் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வயதாக ஆகப் பலருக்கு அமிலம் குறைந்துபோகிறது. நெஞ்செரிச்சலுக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் அதே கதை. தின்பது உள்ளே போகும், சத்து உடம்பில் சேராது. செறிவூட்டும்போது சேர்க்கும் பி12 எதோடும் ஒட்டாதது, அமிலம் குறைந்த வயிறும் அதை எடுத்துக்கொள்ளும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பி12-ஐப் பெரும்பாலும் செறிவூட்டிய உணவிலிருந்தோ மாத்திரையிலிருந்தோ பெறுவது நல்லது என்று அமெரிக்க நிபுணர் குழு 1998-லேயே சொன்னது இதனால்தான்.

அப்படியானால் ரேஷன் அரிசி போதுமா? கணக்கைப் பாருங்கள். கிலோ அரிசியில் இருக்க வேண்டிய பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். பெரியம்மா ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசிச் சோறு சாப்பிட்டால் அதிகபட்சம் 0.25. தேவையோ இரண்டுக்கு மேல். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. கஞ்சியை வடித்துக் கொட்டினால் அதிலும் கொஞ்சம் போய்விடும். ரத்தசோகையை, அதிலும் பெண்களையும் குழந்தைகளையும் மனதில் வைத்து வகுத்த அளவு இது. கிழவர் கிழவிகளின் வயிற்றை நினைத்து யாரும் வகுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. மீதி ஒன்பது பங்குக்குத் தயிர், முட்டை, மீன் வேண்டும். சேராதவர்களுக்கு மாத்திரையோ ஊசியோ வேண்டும்.

இன்னொன்று. ரத்தசோகை என்று தாங்களாகவே ஃபோலிக் மாத்திரையை அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சோகையைச் சரிசெய்து, பி12 குறைவை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். நரம்பு கெடுவது உள்ளே தொடரும். அரிசியில் இருக்கும் அளவு மிகச் சிறிது, அதற்கு அஞ்ச வேண்டாம்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "இதயெல்லாம் மொதல்லயே ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல" என்றவர், முறத்தின் ஓரத்தில் ஒதுக்கியிருந்த அரிசியை மறுபடி பானைக்குள் தள்ளினார். சர்க்கரை மாத்திரை வாங்க அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பி12 ரத்தப் பரிசோதனையும் கேட்கச் சொல்லி, சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

(அடுத்த வாரம்: ரேஷன் பாமாயிலில் இருக்கும் ஏ, டி)