அயலூரில் ஒரு சிற்றுண்டிச் சாலை

ஆங்கில நாட்டு மாலைத் தேநீர் ஒரு சிறு விருந்தாகும். 1840ஆம் ஆண்டை ஒட்டிப் பெட்போர்டு கோமாட்டி அன்னா அதனைத் தொடங்கி வைத்தார் என்பர். பகலுணவுக்கும் இரவுணவுக்கும் இடையே பசி பொறாது, தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் தம் அறைக்கு வரவழைத்தாராம். வெள்ளரிக்காய் வைத்த சாண்ட்விச், ஸ்கோன் என்னும் சிறு ரொட்டி, பழப்பாகு, கெட்டிப் பாலேடு ஆகியவை நாளடைவில் அதனுடன் சேர்ந்தன. அயல்நாட்டில் வாழும் ஆங்கிலேயருக்கு இவற்றை அளிக்கும் கடையொன்று தொடங்க எண்ணிய நண்பர் ஒருவர், முதலில் எதனைக் கருத வேண்டும் என்று எம்மை வினவினார். மாதுங்காவுக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்றோம். அவர் நகைத்தார்.

நகைப்பதற்கு ஒன்றுமில்லை. ஊரை விட்டு வந்தவர்க்கு ஊர் உணவை விற்பது எவ்வாறு என்பதை மும்பையில் அப்பகுதிபோல் எடுத்துரைக்கும் இடம் அரிது. 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதரிலும் மாதுங்காவிலும் சாலைகளும் மனைகளும் வகுத்தது. அங்கு எழுந்த கட்டடங்களில் தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வந்த எழுத்தர்களும் சுருக்கெழுத்தாளர்களும் குடியேறினர். அவர்களுள் பலர் மணமாகாதவர். பலர் குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர். அவர்களுக்குப் படுக்க அறை இருந்தது. சமைக்க அடுப்பு இல்லை.

அவர்களுக்கு இட்லியும் சாம்பாரும் படைத்தவர் பெரும்பாலும் தமிழர் அல்லர் என்பதே நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி. உடுப்பிப் பக்கத்தைச் சேர்ந்த ஏ. ராம நாயக் 1936இல் கிங்ஸ் சர்க்கிளில் கஃபே மைசூரையும், 1942இல் மாதுங்கா ரயில் நிலையத்தை ஒட்டி உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கையும் நிறுவினார். உடுப்பிச் சாம்பாரில் சிறிது வெல்லம் விழும். தஞ்சாவூர்க்காரர் முகம் சுளித்திருக்கக் கூடும். ஆயினும் மறுநாளும் வந்தார். இலை தூய்மையாக இருந்தது. சோறு உரிய வேளையில் சூடாக வந்தது. விலை அவர் சம்பளத்துக்குள் அடங்கியது.

வேளையின் அருமையை நாமும் பட்டறிந்திருக்கிறோம். பணி நிமித்தம் இந்நகர் வந்த புதிதில் மெஸ் ஒன்றில் உணவு கொண்டோம். அங்குக் காப்பி முதல் தரமானது. சிக்கரி கலவாத டிகாக்ஷன். ஆனால் அது ஏழரை மணிக்குத்தான் இறங்கும். எமது ரயிலோ ஏழு பத்துக்கு. இரண்டாம் மாதமே மெஸ்ஸை மாற்றினோம். சுவையில் குறையுள்ள கடையைப் பொறுத்துக்கொள்ளும் அயலூர்வாசி, வேளை தவறும் கடையைப் பொறுப்பதில்லை. ஆங்கிலேயர்க்கும் நான்கு மணி என்றால் நான்கு மணியே.

அடுத்தது சரக்கு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதால் அந்நாட்டு அரிசி வருவது நின்றது. 1943இல் பம்பாயில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசியையே நம்பிய விடுதிகளின் நிலையை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்போர்க் காலத்தில் அரிசி கிட்டாமையால் தாங்கள் ரவை இட்லி செய்ததாகப் பெங்களூர் எம்.டி.ஆர். நிறுவனத்தார் கூறுவர். பாலேட்டை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. நல்ல எருமைப் பால் உள்ள ஊரில் சிறு தீயில் நெடுநேரம் காய்ச்சி அதனை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மிகுதியாக வேண்டும் என்று அஞ்சுவோர் தாராவியைக் காண வேண்டும். அங்கு முந்திய மாலையே மாவு அரைத்து வைப்பர். பொழுது விடியுமுன் இட்லி வேகும். பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கி ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாகச் செல்வர். கடை வாடகை இல்லை. மீந்தால் நட்டம் ஆதலின், விற்கக்கூடிய அளவே வார்ப்பர். அவரிடம் வாங்குவோருள் மராத்தியரும் குஜராத்தியரும் ஏராளம்.

இதில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது. மாதுங்காவில் குடியிருந்த தமிழர் பலர் பின்னாளில் செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று பெயர்ந்தனர். அவர்களை மட்டுமே நம்பியிருந்த கடை அவர்களோடு பெயர வேண்டும். அன்றி மூட வேண்டும். 1940இல் தோன்றிய கஃபே மெட்ராஸ் பெயரவுமில்லை, மூடவுமில்லை. ஞாயிறு காலையில் அதன் வாயிலில் காத்து நிற்போரின் பேச்சைச் சற்றே செவிமடுத்தால் குஜராத்தி, மராத்தி, இந்தி எல்லாம் கேட்கும். தமிழும் இடையிடையே கேட்கும்.

நண்பர் மாதுங்கா சென்று, இரண்டு காப்பி அருந்தித் திரும்பினார். ஸ்கோனுக்கு எவ்வளவு வெண்ணெய் சேர்க்க வேண்டும் என்றுதான் இன்னமும் கேட்கிறார். கடை வைக்கப்போகும் தெருவில் அவ்வூர் மக்கள் மாலையில் என்ன உண்கின்றனர் என்று பார்த்து வந்தீரா என வினவினோம். அடுத்த வாரம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.