மானின் வயதைச் சொல்வது கொம்பா, உடம்பா?

சந்தையில் மாடு பிடிக்கிற தரகர் முதலில் என்ன செய்வார்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று சொல்லி வயதைக் கணக்குப் போட்டுவிடுவார். எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டால் அது முழு வளர்ச்சி பெற்ற மாடு. விலையும் அதற்குத் தக்கபடிதான் பேசி முடியும்.

காட்டில் திரியும் மான் வாயைத் திறந்து காட்டுமா? கிட்டே போனாலே ஓடிவிடும். அதன் வயதை வெறும் போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியும் என்கிறார்கள், அமெரிக்காவில் மான்களைக் கவனித்து வருபவர்கள். ஓரளவுக்குத்தான் முடியும் என்பதையும் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

மரத்தில் கட்டிய காமிரா

வட அமெரிக்காவின் காடுகளிலும் வயலோரங்களிலும் வெள்ளைவால் மான் என்ற இனம் ஏராளம். மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும். அப்போது வாலின் அடிப்பக்கம் வெள்ளைக் கொடி போலத் தெரியும். அங்கே அரசாங்கத்திடம் லைசென்ஸ் பெற்று, குறிப்பிட்ட மாதங்களில் இந்த மானை வேட்டையாடலாம்.

வேட்டைக் காலத்துக்கு முன்பே, மான் நடக்கும் தடத்தில் ஒரு மரத்தில் காமிராவைக் கட்டிவிடுகிறார்கள். உடல் சூடுள்ள பிராணி ஏதாவது குறுக்கே நகர்ந்தால் அது தானாகவே படம் எடுக்கும். இரவில் அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும். தேதியும் மணியும் படத்திலேயே பதிவாகிவிடும்.

இந்த யோசனை பழையதுதான். ஜார்ஜ் ஷைரஸ் என்ற அமெரிக்கர் 1890-களிலேயே, கயிறு இடறினால் காமிரா இயங்கும்படி அமைத்து, மிச்சிகன் காடுகளில் இரவு நேரத்தில் மான்களைப் படம் பிடித்தார். நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை 1906 ஜூலை இதழில் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. நம் நாட்டிலும் சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அதிகாரி இதே முறையில் புலிகளைப் படம் எடுத்து, 1927-ல் புத்தகமாகவே வெளியிட்டார்.

வயது எதற்கு?

கொம்பு முளைத்த இளம் மான்களையெல்லாம் சுட்டுத் தள்ளினால், முதிர்ந்த ஆண் மான் காட்டில் மிஞ்சாது. அதனால் அங்கே பல நில உரிமையாளர்களும் வேட்டைச் சங்கத்தினரும், இளம் மான்களை நாலைந்து வயது வரை விட்டுவைப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் வயது தெரிய வேண்டும்.

கொம்பை எண்ணி வயதைச் சொல்லலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இந்த மானின் கொம்பு குளிர்காலத்தில் உதிர்ந்து, வசந்த காலத்தில் புதிதாக முளைக்கிறது. கிளைகளின் எண்ணிக்கை வயதை மட்டும் பொறுத்ததல்ல. தீனியையும் பரம்பரையையும் பொறுத்தது. நல்ல மேய்ச்சலில் வளர்ந்த இரண்டரை வயது மானுக்கு எட்டுக் கிளை இருக்கலாம். கிழ மானுக்குக் கொம்பு சிறுத்தும் போகலாம்.

டெக்சாஸ் மாநிலத்தின் பல மாவட்டங்களில் ஒரு விதி உண்டு. இரு கொம்பும் கிளைத்த மானானால், கொம்புகளுக்கு நடுவே உள் அகலம் 13 அங்குலமாவது இருந்தால்தான் சுடலாம். காதுகளை விறைத்து நிற்கும் மானுக்கு ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனி வரை ஏறக்குறைய அதே அளவு. காதைத் தாண்டிக் கொம்பு விரிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். இளம் மான்கள் பெரும்பாலும் இதனால் தப்பிவிடுகின்றன.

உடம்பு சொல்லும் கணக்கு

வயதை நெருங்கிச் சொல்வது உடம்புதான். குட்டிகள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் பிறக்கின்றன; வேட்டை இலையுதிர் காலத்தில். ஆகவே ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்று அரை வயதோடுதான் கணக்கு.

ஒன்றரை வயது மான், பெண் மானுக்குக் கொம்பு வைத்தது போல இருக்கும். கழுத்து மெலிவு, கால்கள் உடம்புக்குப் பொருந்தாமல் நீளம். இரண்டரையில் உடம்பு கொஞ்சம் பிடித்திருக்கும். இடுப்பு ஒட்டியே இருக்கும். மூன்றரையில் பந்தயக் குதிரையைப் போன்ற கட்டு, மார்பு இறங்கிவிடும். ஆனால் கழுத்து முடிந்து தோள் தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியும். நாலரையில் அந்த எல்லை மறைந்து, கழுத்தும் தோளும் ஒன்றாகும். வயிறும் மார்பும் ஏறக்குறைய ஒரே கோட்டுக்கு வரும். ஐந்தரைக்கு மேல் வயிறு தொங்கும், முதுகு குழியும், உடம்பு பருத்ததால் கால்கள் குட்டையாகத் தோன்றும். இன்னும் முதிர்ந்தால் தாடையின் கீழ் தோல் தளர்ந்து ஆடும்.

படமும் ஏமாற்றும்

நவம்பர் மாத வாக்கில் இணை சேரும் பருவத்தில் ஆண் மானின் கழுத்து வீங்கும். அப்போது இரண்டரை வயது மானும் பெரிய ஆளாகத் தெரியும். பருவம் முடிந்ததும் கிழ மானும் இளைத்து இளம் மானைப் போல நிற்கும். குளிர்கால ரோமம் உடம்பைப் பெருக்கிக் காட்டும். காமிராவுக்கு மிகவும் அருகில் வந்தால் அளவே மாறிவிடும். ஆகவே சமதரையில், தலை நிமிர்ந்து, பக்கவாட்டில் நிற்கும் படம்தான் வேண்டும். ஒரே மாதத்துப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். அப்போதும் இளசு, நடுவயது, முதிர்ந்தது என்று பிரிக்கலாமே தவிர, இத்தனை வயது என்று அடித்துச் சொல்வது கஷ்டம்.

உறுதியான விடை அங்கேயும் பல்லில்தான். தாடைப் பற்கள் முளைப்பதையும் தேய்வதையும் வைத்து வயது காணும் முறையை 1949-ல் செவரிங்ஹாஸ் என்பவர் வெளியிட்டார். பல்லின் வேரை மெல்லியதாக அறுத்து, மர வளையம் போலுள்ள கோடுகளை எண்ணும் முறையும் உண்டு. ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் மான் செத்த பிறகு செய்கிற சோதனை!

நம் நாட்டில் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே காமிரா சுடுவதற்கு வழி காட்டுவதில்லை, எண்ணுவதற்கு உதவுகிறது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் 1990-களில் உல்லாஸ் கரந்த் இப்படிப் படம் எடுத்து, உடல் கோடுகளைக் கொண்டு புலிகளை அடையாளம் கண்டு கணக்கெடுத்தார். அங்குள்ள புள்ளிமானுக்கும் கொம்பு உதிர்ந்து முளைப்பதுதான். கிளையை எண்ணி அதன் வயதையும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் அனுபவமுள்ளவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் விட்டுவிடு. அடுத்த வருஷம் அதே மான் அதே தடத்தில் வரலாம். அதன் படத்தை இந்த வருஷப் படத்தோடு வைத்துப் பார்க்கலாம். பல்லைத் தப்பாகக் கணித்து வாங்கிய மாட்டை அடுத்த சந்தையில் விற்றுவிடலாம். வயதைத் தப்பாகக் கணித்துச் சுட்ட மானை என்ன செய்வது?