காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு வரும் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வெல்டிங் ராடு. கணக்கு எழுதும் மேசைக்கு எத்தனை பேர் போனார்கள்? ராடு பிடிக்கும் இடத்தில்தான் மலையும் சேரியும் தோளோடு தோள் நிற்கின்றன.

துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் மாலையில் குளிர்காய்ச்சல் வரும். ஓரிரு நாளில் போய்விடும். விடுமுறை முடிந்த முதல் நாளில் அதிகம் வருவதால் இதற்குத் 'திங்கள் காய்ச்சல்' என்றும் பெயர். வெல்லமும் வாழைப்பழமும் தின்றால் சரியாகும் என்கிறார்கள். அவை போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு.

ஆண்டுக்கணக்கில் படியும் இரும்புத்துகள் எக்ஸ்ரேயில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். காசநோய் என்று தவறாக எண்ணவும் இடமுண்டு. ஆகவே டாக்டர் கேட்காவிட்டாலும் நம் தொழிலை நாமே சொல்ல வேண்டும். 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே பிரிவு. பீடியை விடச் சொல்லும் முதலாளி, புகை உறிஞ்சும் விசிறி வாங்க யோசிக்கிறார். வாயில் கட்டும் துண்டு இந்தப் புகையைத் தடுக்காது.

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கே இஎஸ்ஐ சட்டம் பொருந்தும். ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாதவரை அங்கே நோயும் இல்லை, நோயாளியும் இல்லை. அடுத்த கூலி நாளில் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்போம்.