ஒளித்து விளையாடும் மின்சாரம்

நோய்களுள்ளே பொல்லாத நோய், வைத்தியர் வீட்டு வாசலை மிதித்ததும் மறைந்துவிடுகின்ற நோயேயாகும். இரவு முழுவதும் உடலை உலுக்கியெடுத்த காய்ச்சல், காலையில் வைத்தியர் நாடி பிடித்துப் பார்க்கும் வேளையிலே தணிந்திருக்கும். நோயாளி மிகைப்படுத்திச் சொல்லுகின்றாரோ என்று வைத்தியர் ஐயுறுவார். வைத்தியருக்குத் தொழில் தெரியாதோ என்று நோயாளி ஐயுறுவார். பழைய கார் வைத்திருப்போருக்கும் அதனைத் திருத்திக் கொடுப்போருக்கும் இடையே நிகழ்ந்துவருவதும் இதுவே.

உரும்பிராய்ச் சந்தியிலே பலாலி வீதியும் மானிப்பாய்–கைதடி வீதியும் ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்லுகின்றன. இவ்வீதிகளிலே மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய பழைய கார்களை இன்றும் இடையிடையே காணலாம். மொறிஸ் மைனர் இங்கிலாந்திலே 1948 ஆம் ஆண்டில் அறிமுகமாகி, 1971 வரை செய்யப்பட்டது. 1960களிலே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையிற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. ஆதலால் இருக்கின்ற காரையே பேணிக் காக்கும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றிற்று. பின்பு 1990களிலே குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் வருவது தடுக்கப்பட்ட காலத்தில், எம்மவர் இக்கார்களைச் சிறிதளவு பெற்றோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயிலே ஓட்டினர். அந்தக் காலத்தையும் தாண்டி வந்த கார்களிலே துருவும், ஒட்டுப்போட்ட வயர்களும் இருப்பதில் வியப்பில்லை.

அத்தகைய கார் ஒன்று உரும்பிராயிலிருந்து கைதடிக்குப் போய்த் திரும்பும் வழியில், நண்பகல் வெயிலிலே திடீரென நின்றுவிடுகின்றது என்று வைத்துக்கொள்வோம். சாரதி இறங்கி, மூடியைத் திறந்து, அங்குமிங்கும் தொட்டுப் பார்க்கின்றார். ஒன்றும் புலப்படவில்லை. அரைமணி நேரம் கழித்து, ஒன்றும் அறியாதது போலக் கார் கிளம்பிவிடுகின்றது. மறுநாள் கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கும் நன்றாகவே ஓடுகின்றது. “கொயில் பழுதாயிருக்கலாம்” என்று புதுக் கொயில் போடப்படுகின்றது. இரண்டு வாரத்தில் மீண்டும் கார் நிற்கின்றது. அடுத்து பற்றறி மாறுகின்றது. அதன் பின்னர் ஆளி மாறுகின்றது. பணம் கரைந்ததே தவிரக் கோளாறு தீரவில்லை. “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்” என்னும் பழமொழி இதற்கு மிகவும் பொருந்தும்.

வாடகைக் காரை நம்பிச் சீவிப்பவருக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினையாகும். நள்ளிரவிலே பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேளையிலே அதே கோளாறு தலைகாட்டினால், அஃது உயிர்ப் பிரச்சினையாகிவிடும். ஆகவே, வந்து வந்து மறையும் இக்கோளாற்றை எப்படிப் பிடிப்பது என்பதைக் கார் உடையோர் மட்டுமன்றி, விஞ்ஞானம் கற்கும் மாணவரும் அறிந்துகொள்ளுதல் நலம்.

முதலில் மனத்திற் கொள்ளவேண்டியது, இக்கோளாறு நினைத்தபோது வருவதன்று என்பதாகும். முன்னாளில் இத்தீவை வாட்டிய மலேரியாவை எம்முன்னோர் முறைக்காய்ச்சல் என்றனர். 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வருவது ஒருவகைக் கிருமியாலும், 72 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வருவது இன்னொரு வகைக் கிருமியாலும் உண்டாவது எனப் பின்னர் அறியப்பட்டது. காய்ச்சல் வரும் வேளையே காய்ச்சலின் வகையைக் காட்டிக்கொடுத்தது. 2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காய்ச்சல் நீங்கினும், அது கற்பித்த பாடம் காருக்கும் பயன்படும்.

மின்கோளாறு தலைகாட்டுவதற்குக் காரணமாகும் நிலைமைகள் பெரும்பாலும் நான்கே. அவை வெப்பம், ஈரம், அதிர்வு, சுமை என்பன. இயந்திரம் சூடேறிய பின்னரே கார் நிற்குமாயின் கொயிலையும் கொண்டென்சரையும் ஐயுறலாம். மாரி மழையிலும் மார்கழிப் பனியிலும் மட்டும் கிளம்ப மறுக்குமாயின் பிளக் வயர்களிலும் டிஸ்ரிபியூட்டர் மூடியிலும் ஈரம் படிந்து மின்பொறி வழிதவறிப் போகின்றது எனலாம். பள்ளத்தில் விழுந்தெழும்போது விளக்கு மின்னி மறையுமாயின் எங்கோ ஒரு தொடுப்புத் தளர்ந்திருக்கின்றது. பிரேக்கை மிதிக்கும்போது மற்றைய விளக்குகள் மங்குமாயின், சுமையைத் தாங்கமாட்டாத தொடுப்பு ஒன்று உண்டு. ஆதலால் கார் வைத்திருப்பவருக்கு முதன்முதல் வேண்டிய கருவி ஒரு கொப்பியே. எந்நாள், எவ்வேளை, எவ்வளவு தூரம் ஓடிய பின், வெயிலா மழையா, எந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பவற்றை ஒவ்வொரு தடவையும் அதிலே குறித்துவைத்தல் வேண்டும். ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்தவுடன் கோளாற்றின் முறை தானே தெரியவரும்.

அடுத்து, காரிலே மின்சாரம் எவ்வாறு ஓடுகின்றது என்பதைக் காண்போம். சைக்கிள் டைனமோ விளக்கை அறியாதார் எம்மிடையே இலர். 1990களிலே மின்சாரமும் பற்றறியும் இல்லாதபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, அந்த டைனமோவினாலேயே வானொலி கேட்டவர்கள் எம்மவர். அந்த விளக்குக்கு டைனமோவிலிருந்து போவது ஒரே வயர்தான். மின்சாரம் திரும்பி வரும் பாதை சைக்கிளின் இரும்புச் சட்டமேயாகும். டைனமோவை இறுக்கிய இடத்திலே துரு ஏறினால் விளக்கு விட்டுவிட்டு எரியும். காரிலும் இதே ஏற்பாடுதான். பற்றறியின் ஒருமுனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. விளக்கு, கோர்ன், இயந்திரம் யாவும் தம் மின்னோட்டத்தை அந்த உடல் வழியாகவே திருப்பி அனுப்புகின்றன. கராஜ்காரர் எர்த் என்று சொல்வது இதனையே.

போகும் பாதையைப் பார்ப்பவர் பலர். திரும்பும் பாதையைப் பார்ப்பவர் சிலரே. கோப்பாய்க்கும் கைதடிக்கும் இடையே உப்பாற்றுக் கடனீரேரியைக் கடக்கும்போது படும் உப்புக் காற்றும், உரும்பிராய்த் தோட்டங்களின் செம்மண் புழுதியும், மாரி ஈரமும் சேர்ந்து இத்திரும்பும் பாதையின் தொடுப்புகளை மெல்ல மெல்ல அரிக்கின்றன.

இங்கே மாணவர்கள் ஓமின் விதியை நினைவுகூரலாம். 12 வோல்ற்றுப் பற்றறியில் 36 வாட் விளக்கு எரியும்போது 3 அம்பியர் மின்னோட்டம் பாய்கின்றது. அவ்விளக்கின் தடை 4 ஓம். திரும்பும் வழியிலுள்ள துருப்பிடித்த தொடுப்பு 1 ஓம் தடையைச் சேர்த்துவிட்டால், மொத்தத் தடை 5 ஓம் ஆகும். மின்னோட்டம் 2.4 அம்பியராகக் குறையும். விளக்குக்குக் கிடைப்பது 9.6 வோல்ற்றே. இது கணக்கின் எளிமைக்காக விளக்கின் தடை மாறாதெனக் கொண்டு சொன்னது. விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். இயந்திரத்தைச் சுழற்றும் ஸ்ராட்டர் மோட்டாருக்கோ 100 அம்பியருக்கும் மேல் வேண்டும். அதன் வழியில் அதே 1 ஓம் தடை புகுந்துவிட்டால் 12 அம்பியருக்கு மேல் பாய வழியில்லை. மோட்டார் அசையவே மாட்டாது. ஒரே அளவு துரு விளக்கை மங்கச் செய்கின்றது, ஸ்ராட்டரை முற்றாக நிறுத்திவிடுகின்றது.

இவ்விடத்தில் இன்னுமோர் ஏமாற்றமும் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு வோல்ற்றுமானியால் அளந்தால், கெட்டுப்போன தொடுப்பின் ஊடாகவும் 12 வோல்ற்று முழுமையாகக் காட்டும். வோல்ற்றுமானி மின்னோட்டத்தை மிக மிகச் சொற்பமாகவே இழுப்பதால், துருவின் தடை அங்கே வெளிப்படுவதில்லை. “மின்சாரம் வருகின்றதே!” என்று ஏமாந்து நல்ல உறுப்பைக் கழற்றி எறிவது இதனாலேதான். சுமை ஏற்றிய நிலையிலேயே அளத்தல் வேண்டும். விளக்கை எரியவிட்டு, வோல்ற்றுமானியின் ஒருமுனையை விளக்கின் உலோகக் கூட்டிலும் மறுமுனையைப் பற்றறியின் எர்த் முனையிலும் வைத்துப் பாருங்கள். நல்ல தொடுப்பாயின் ஏறத்தாழச் சுழியமே காட்டும். ஸ்ராட்டர் சுழலும்போது இயந்திரத்துக்கும் பற்றறியின் எர்த் முனைக்கும் இடையே அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அவ்வழி பழுதென்று கொள்ளலாம்.

இயந்திரம் இறப்பர்த் தாங்கிகளின்மேல் இருப்பதால், அதனையும் காரின் உடலையும் இணைக்கப் பின்னலான செப்புப் பட்டி ஒன்று உண்டு. அது அறுந்தால் ஸ்ராட்டரின் பெரும் மின்னோட்டம் வேறு வழி தேடி, சோக் கம்பியினூடாகவும் ஓட முற்படும். கிளப்பும்போது சோக் கம்பி சூடேறினால் பட்டியைப் பாருங்கள்.

ஓடும் வழியிலே நின்றுவிடும் காருக்குத் திரும்புவோம். கோளாறு கராஜுக்கு வர மறுக்கின்றது. ஆகவே, காருடன் காவலாள் ஒருவனை அனுப்புதல் வேண்டும். அக்காவலாள் ஒரு சிறு மின்குமிழே. கொயிலுக்கு மின்சாரம் வந்துசேரும் முனையிலிருந்து ஒரு வயரைச் சாரதியின் கண்ணுக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே குமிழை வைத்து, அதன் மறுபக்கத்தை எர்த் செய்துவிடலாம். கார் நிற்கும் கணத்திலே குமிழும் அணைந்தால், கோளாறு கொயிலுக்கு முன்னே இருக்கின்றது. சாவி ஆளியையும், அதிலிருந்து வரும் வெள்ளை வயரையும், அதன் தொடுப்புகளையும் பார்த்தல் வேண்டும். குமிழ் எரிந்துகொண்டேயிருக்கக் கார் நின்றால், கோளாறு கொயிலிலோ அதற்கப்பாலோ இருக்கின்றது. இப்படி ஒரே தடவையில் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகின்றது.

டிஸ்ரிபியூட்டரின் உள்ளே அசையும் தட்டை எர்த்தோடு இணைக்கும் மெல்லிய பின்னல் வயர் ஒன்று உண்டு. வேகம் மாறுந்தோறும் தட்டு அசைவதால் இவ்வயரின் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. வெளிப்பார்வைக்கு முழுமையாகத் தோன்றினும், இழுபடும்போது மட்டும் தொடர்பு விட்டுப்போகும். மொறிஸ் மைனரில் பெற்றோல் இறைக்கும் மின்பம்பியும் இவ்வாறே ஏமாற்றும். அதன் தொடுமுனைகள் கருகினால் பம்பி நின்றுவிடும். மெல்லத் தட்டினால் மீண்டும் ஓடும். சாவியைப் போட்டதும் டிக் டிக் என்ற ஓசை கேட்கின்றதா என்று செவிசாய்த்தால் உண்மை விளங்கும்.

கோளாறு அல்லாததைக் கோளாறென்று கருதுவதும் உண்டு. டைனமோ பூட்டிய கார்களிலே, இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது சிவப்பு விளக்கு மினுங்குவது இயல்பே. அவ்வேளையில் டைனமோ போதிய மின்னழுத்தத்தை உண்டாக்குவதில்லை. வேகம் கூடியபின்னும் அணையாவிட்டாலே கவலைப்படல் வேண்டும்.

இவ்வகைக் கார்களின் மின்னுறுப்புகளிற் பெரும்பாலானவற்றைச் செய்தது பேர்மிங்காம் நகரின் லூக்காஸ் கொம்பனி. பழைய கார் ஆர்வலர் அதற்கு ‘இருளின் இளவரசன்’ என்று கேலிப் பெயர் சூட்டியிருக்கின்றனர். அறுபது ஆண்டுத் துருவின் குற்றத்தைச் செய்தவர் தலையிற் சுமத்துவது நீதியாகாது. அக்கொம்பனி வகுத்த வயர் நிறங்களே இன்று எமக்குத் துணையாகின்றன. கபிலம் பற்றறியிலிருந்து நேரே வருவது. வெள்ளை சாவி ஆளியைக் கடந்து வருவது. பச்சை அதன்பின் உருகியையும் கடந்து வருவது. கறுப்பு எர்த்துக்குப் போவது. நிறத்தைப் பின்தொடர்ந்தால் வழி தவறாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உருகி அடிக்கடி எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. உருகி எரிவது, வேறெங்கோ வயர் உராய்ந்து உடலிலே தொடுகின்றது என்பதற்கு அறிகுறி. வெள்ளித்தாள் அந்த அறிகுறியை அடக்கிவிட்டு, வயரையே எரியவிடும். பழைய பிரித்தானிய உருகியில் 35 என்றிருந்தால், 35 அம்பியரில் அஃது எரிந்துபோகும் என்பது பொருள். தொடர்ந்து தாங்குவது அதன் பாதியளவே. புதுவகை 35 அம்பியர் உருகியை அவ்விடத்திற் போடுவதும் ஆபத்தே. அன்றியும், இக்கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனையே எர்த்தாக இருக்கும். புதிய கார்களில் எதிர்முனை எர்த்தாகும். வேறொரு காரின் பற்றறியால் கிளப்ப முனையுமுன் இதனை உறுதிசெய்தல் வேண்டும்.

திருத்தும் வேலைக்கோ பெருஞ்செலவில்லை. முதலில் பற்றறியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு தொடுப்பையும் அவிழ்த்து, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே வாசலீன் பூசிவிடுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதனைக் கொப்பியிலே குறித்து, சில நாள் ஓடிப் பாருங்கள். பல உறுப்புகளை ஒருங்கே மாற்றினால், எதனாற் குணமாயிற்று என்பது எவருக்கும் தெரியாமற் போகும். அந்தக் கொப்பியைக் கராஜ்காரரிடம் கொடுத்தால், அவர் ஊகத்தில் தொடங்காமல், நீங்கள் கண்டதிலிருந்தே தொடங்குவார். புதிய உறுப்பு வாங்கும் பணமும் மிஞ்சும், நள்ளிரவிலே கதவைத் தட்டி வருபவரை நம்பிக்கையோடு ஏற்றிச் செல்லவும் முடியும்.