மழைக்கணக்கும் மாற்று வழங்கியும்

கொங்கு நாட்டில் மழை சமமாகப் பெய்வதில்லை. வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு, தமிழகத்தில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. மலையைத் தாண்டிய பல்லடமும் சூலூரும் மழைமறைவுப் பகுதிகள். சமவெளியிலும் கோடைமழை ஓரூரை நனைத்து அடுத்த ஊரை விட்டுவிடும். ஆகவே ஓரிடத்து மழைமானி மற்றோரிடத்துக்குச் சான்றாகாது.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதனை உணர்ந்தே வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியது. வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், மழையளவு முதலியவற்றை இத்தகைய நிலையங்கள் மனிதத் துணையின்றிப் பதிவு செய்கின்றன. மழைமானிக்குள் இருக்கும் சிறு வாளி, குறிப்பிட்ட அளவு நீர் நிறைந்ததும் கவிழும். கவிழ்ந்த எண்ணிக்கையே மழையளவாகக் கணக்கிடப்படுகிறது. அவ்வெண்கள் கைப்பேசி அலைவரிசை வழியே தொலைவிலுள்ள கணினிக்குச் செல்கின்றன. தரவுகளைப் பெற்றுச் சேமித்து, கேட்போர்க்கு அளிக்கும் அக்கணினியை வழங்கி என்பர்.

வழங்கி ஒன்றே ஒன்றாக இருந்து அது பழுதுற்றால் என்ன நேரும்? நிலையங்கள் அனைத்தும் செம்மையாக இயங்கினும் தரவு வந்து சேராது. பெய்துமுடிந்த மழையை மறுநாள் அளக்கவும் இயலாது. வெற்றிடத்தைச் சுழியம் எனக் கொள்வது அதனினும் பெருந்தவறு. மழை பெய்த நாள் வறண்ட நாளாகப் பதிவானால், பூச்சிமருந்து தெளிக்கும் நாளைக் குறிப்பது முதல் பயிர்க்காப்பீட்டு இழப்பீடு வரை யாவும் பிழைபடும், இழப்பு உழவருக்கே.

வழங்கிகளைப் பெருக்குவது இதற்குரிய தீர்வு. ஒரு வழங்கி நூறு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் செயலிழக்கும் என்று கொள்வோம். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஏறத்தாழ 88 மணி நேரம் சேவை இராது. அதே தன்மையுள்ள இரண்டு வழங்கிகள் ஒன்றையொன்று சாராமல் இயங்கினால், இரண்டும் ஒருசேர நிற்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதாவது ஆண்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

‘ஒன்றையொன்று சாராமல்’ என்பதே இக்கணக்கின் உயிர். ஒரே மின்மாற்றியில் இணைந்த இரு விசைத்தறிகளுள் ஒன்று மற்றதற்கு மாற்றாகாது என்பதைக் கொங்கு நாட்டு நெசவாளர்க்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே அறையில், ஒரே மின்னிணைப்பில் இருக்கும் இரு வழங்கிகளும் அத்தகையனவே. இடம், மின்சாரம், இணையத் தொடர்பு ஆகிய மூன்றும் வேறுபட வேண்டும்.

பெருக்கத்தால் புதுச்சிக்கலும் வரும். ஒரே செய்தி இரு வழங்கிகளுக்கும் சென்று, பின்னர் ஒன்றாகத் தொகுக்கப்படும்போது, 20 மில்லிமீட்டர் மழை 40 ஆகிவிடக்கூடும். ஒவ்வொரு செய்தியிலும் நிலைய எண்ணும் அளந்த நேரமும் பொறிக்கப்பட்டிருந்தால், இரண்டாம் படியைக் கண்டறிந்து நீக்கலாம். வழங்கி பெற்றுக்கொண்டதாக ஒப்புகை அனுப்பும் வரை நிலையம் தன் நினைவகத்தில் தரவை அழிக்காது வைத்திருப்பதும் இன்றியமையாதது.

எந்த நேரத்தைக் கணக்கில் கொள்வது என்பதும் முதன்மையானது. இந்தியாவில் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேர மழையே ஒருநாள் மழையாகக் கொள்ளப்படுகிறது. விடியற்காலையில் பெய்த மழையின் செய்தி, தொடர்பு அறுந்ததால் நண்பகலில் வந்து சேரலாம். வந்த நேரத்தைப் பதிந்தால் அம்மழை அடுத்த நாள் கணக்கில் ஏறிவிடும்; அளந்த நேரத்தைப் பதிந்தால், எந்த வழங்கிக்கு எப்போது வந்தாலும் தன் நாளிலேயே நிற்கும்.